இரண்டு கூட்டம், ஒரு வீடு: பள்ளி முடித்த பிள்ளைக்கு வீட்டிலேயே விருந்து

பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைக்கு வீட்டில் விருந்து வைப்பது பிறந்தநாள் விருந்து வைப்பது மாதிரி இல்லை. பிறந்தநாளுக்கு ஒரு கூட்டம்தான் வரும். இதற்கு இரண்டு கூட்டம். தாத்தா பாட்டி, சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர்கள், சின்ன வயதில் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் எல்லாம் ஒரு பக்கம். பதினேழு பதினெட்டு வயதுத் தோழர்களும் தோழிகளும் இன்னொரு பக்கம். பெரியவர்கள் சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்பே வந்துவிடுவார்கள். வந்ததும் உட்கார இடம் தேடுவார்கள். சாப்பாடு நேரத்துக்கு வர வேண்டும். பிள்ளைகள் அரை மணி நேரம் தாமதமாக, பத்துப் பேர் சேர்ந்தாற்போல் வருவார்கள். நாற்காலியைத் தொட மாட்டார்கள். வந்த பத்தாவது நிமிடம் தட்டை எடுப்பார்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே நேரத்துக்கு அழைத்து ஒரே கூடத்தில் அடைப்பதில்தான் முக்கால்வாசி வீட்டு விருந்துகள் சொதப்புகின்றன. சாப்பாட்டுக் குறை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே சமையல் பட்டியலுக்கு முன்னால் நேரத்தைப் பிரியுங்கள். சொந்தக்காரர்களுக்குப் பிற்பகல் 3 முதல் 6. நண்பர்களுக்கு மாலை 5 முதல் 9. நடுவில் 5 முதல் 6 வரை இரு கூட்டமும் கலக்கும் ஒரு மணி நேரம். கேக் வெட்டுவது, குடும்பப் படம், இரண்டு நிமிடப் பேச்சு என்று எல்லோரும் பார்க்க வேண்டியவை அந்த ஒரு மணிக்குள் வந்துவிட வேண்டும். பெரியவர்கள் 4 மணிக்குச் சாப்பிட்டிருப்பார்கள், பிள்ளைகளுக்கு 6.30க்குத்தான் சாப்பாடு. வீடு நிரம்பி வழியும் அந்த ஒரு மணி நேரத்தில் யார் கையிலும் தட்டு இருக்காது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம். அழைப்பும் இரண்டாக இருக்க வேண்டும். ஒரே அழைப்பில் இரண்டு நேரத்தையும் போட்டால் யாரும் ஒழுங்காகப் படிக்க மாட்டார்கள்.

நேரத்தைப் பிரிக்க முடியாவிட்டால் இடத்தைப் பிரிக்கலாம். கூடம் பெரியவர்களுக்கு, மொட்டை மாடியோ முற்றமோ தோட்டமோ பிள்ளைகளுக்கு. ஆனால் இடத்தை மட்டும் பிரித்தால் சமையலறை ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் ஓட வேண்டும். கைக்கு ஆள் இல்லாத வீட்டில் நேரப் பிரிப்புதான் நல்லது என்பது என் கட்சி.

பிள்ளையிடம் "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். அதை நம்பி விட்டுவிடவும் வேண்டாம், நீங்களாக எல்லாவற்றையும் முடிவுசெய்யவும் வேண்டாம். பதில் சொல்லத் தோதான கேள்விகளாகக் கேளுங்கள். யார் வராவிட்டால் வருத்தப்படுவாய்? எந்தப் படத்தை மாட்டக் கூடாது? யார் கையில் மைக் கொடுக்கக் கூடாது? கடைசிக் கேள்விக்கு மட்டும் யோசிக்காமலே பதில் வந்துவிடும்.

தேதி குறிப்பதில் இரண்டு இடறல்கள் உண்டு. ஒரே வகுப்பில் படித்த முப்பது பிள்ளைகள் வீட்டிலும் அதே இரண்டு மூன்று வார இறுதிகளில்தான் விருந்து நடக்கும். நெருங்கிய நண்பர்கள் நான்கைந்து பேரின் தேதியை முதலில் விசாரித்துவிட்டுத்தான் உங்கள் தேதியைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஏழரை மணிக்குப் பாதிப் பிள்ளைகள் அடுத்த வீட்டு விருந்துக்குக் கிளம்பிவிடுவார்கள். இரண்டாவது, தேர்வு முடிவு. முடிவு வந்த மறுநாள் விருந்து என்று வைத்துவிட்டால், முடிவு எப்படி வந்தாலும் விருந்து அதன் நிழலில்தான் நடக்கும். வகுப்பு முடிந்ததற்கான விருந்து என்று சொல்லி, முடிவு வருவதற்குப் பத்து நாள் முன்போ இரண்டு வாரம் பின்போ வைத்தால் நிம்மதி. வரும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் "எவ்வளவு மார்க்? அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்கத்தான் போகிறார்கள். ஒரே வரியில் ஒரு பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொண்டால் பிள்ளைக்கு முப்பது முறை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருக்காது. நெருங்கிய உறவினர் ஒருவரிடம் "மார்க் பேச்சு வந்தால் திசைதிருப்பி விடுங்கள்" என்று சொல்லிவைப்பதும் பலன் தரும்.

அழைப்பில் தொடங்கும் நேரத்தைப் போலவே முடியும் நேரமும் இருக்க வேண்டும். நண்பர்களுக்கான அழைப்பைக் குழுவில் போடாமல் பெயர் பெயராக அனுப்பச் சொல்லுங்கள். குழுவில் போட்ட முகவரி ஒரு மணி நேரத்தில் எங்கெங்கோ போய்விடும். அழைக்காத பதினைந்து பேர் வாசலில் வந்து நிற்பது இப்படித்தான். ஒவ்வாமை உண்டா, சைவமா அசைவமா என்பதையும் அதே செய்தியில் கேட்டுவிடலாம். மூன்று வாரம் முன்பு அழைப்பு, மூன்று நாள் முன்பு ஒரு நினைவூட்டல். "வருகிறேன்" என்று சொல்லும் பெரியவர்கள் தங்களோடு ஓரிரண்டு பேரைக் கூட்டி வருவார்கள். பிள்ளைகளில் சிலர் வர மாட்டார்கள், சிலர் ஒரு நண்பனோடு வருவார்கள். இரண்டு பக்கக் கணக்கும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடும். வருவதாகச் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் பத்துக்கு ஒருவர் என்று கூட்டிக்கொண்டால் போதும்.

இடம், சூடு, தண்ணீர்

நின்று பேசும் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் இடம் இருந்தால் இடிபடாமல் நிற்கலாம். கூடத்தின் அளவை எடுக்கும்போது சோபா, அலமாரி, டீப்பாய் அடைத்திருக்கும் இடத்தைக் கழித்துவிடுங்கள். டீப்பாயை முந்தின நாளே உள்ளறைக்குத் தள்ளிவிடுவது உத்தமம். நெரிசலில் முழங்காலை இடிப்பது அதுதான். பெரியவர்களுக்கு ஆளுக்கொரு நாற்காலி கட்டாயம். பிள்ளைகளுக்கு மூன்று பேருக்கு ஒன்று இருந்தாலே மிஞ்சும், தரையில் விரிப்பு இருந்தால் இன்னும் நல்லது.

பலரும் கணக்கில் எடுக்காதது ஆட்களின் உடல் சூடு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பிலிருந்து ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது. முப்பது பேர் ஓர் அறையில் இருந்தால் 3,000 வாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் மூன்றை அந்த அறையில் ஓட விட்டதற்குச் சமம். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பமே சுமார் 3,500 வாட்தான். ஆடத் தொடங்கினால் ஆளுக்கு இரண்டு மூன்று மடங்கு ஏறும். எனவே ஏசியை நம்பிக் கதவைச் சாத்திவைக்கும் திட்டம் ஆட்டம் தொடங்கியதும் தோற்றுவிடும். கூட்டம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அறையை நன்றாகக் குளிர வைத்து, கூட்டம் வந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒரு ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வைத்துவிடுங்கள். ஆட்டத்தை மாடிக்கோ முற்றத்துக்கோ தள்ளுவது அதைவிட எளிது. வெளியே உட்காருகிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பெடஸ்டல் ஃபேன் வைத்தால் கொசுத் தொல்லையும் குறையும். காற்றை எதிர்த்துப் பறக்கும் வலு கொசுவுக்குக் கிடையாது.

கழிவறைக்கு வருவோம். அறுபது பேர் ஆளுக்கு ஒருமுறை போனாலே, ஃபிளஷும் கை கழுவலுமாக 500 லிட்டரைத் தாண்டலாம். மேல்நிலைத் தொட்டி இருக்கும் வீட்டில் மதியமே நிரப்பிவிட்டு, இரண்டாம் கூட்டம் வருவதற்குள் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். குழாயில் தண்ணீர் நின்றபிறகு மோட்டார் போட ஓடுவது எட்டு மணிச் சங்கடம். கழிவறையில் நான்கு டிஷ்யூ சுருள், மூடியிட்ட குப்பைக்கூடை, இரண்டு மூன்று துண்டுகள் இருக்கட்டும். மருந்து மாத்திரை, சவரக்கத்தி எல்லாவற்றையும் அங்கிருந்து எடுத்து உள்ளே வைத்துப் பூட்டுங்கள். ஒரு படுக்கையறையைப் பூட்டி வைத்து, இன்னொன்றைப் பைகளுக்கும் பால்குடிக் குழந்தைக்காரர்களுக்கும் திறந்துவிடலாம்.

சாப்பாடு

அளவில்தான் பலரும் திணறுகிறார்கள். அரிசிச் சாப்பாடு முக்கியமானால் பெரியவருக்கு 100 கிராம் அரிசி, பதினேழு வயதுப் பிள்ளைக்கு 150 கிராம். எலும்போடு இறைச்சி ஆளுக்கு 250 கிராம், எலும்பில்லாதது 150 கிராம். முழுச் சாப்பாட்டுக்கு முன்னால் வைக்கும் நொறுக்குத் தீனி ஆளுக்கு நான்கைந்து துண்டு போதும். சாப்பாடே இல்லாமல் சிற்றுண்டி மட்டும் என்றால் பத்துப் பன்னிரண்டு துண்டு வேண்டும். பச்சைக் காய்கறிக் கலவையைப் பெரியவர்கள் கூட்டத்துக்கு மட்டும் நிறையச் செய்யுங்கள். பிள்ளைகள் கூட்டத்தில் ஆளுக்கு 50 கிராம் வைத்தாலே பாதி திரும்பி வரும்.

மூன்று பதார்த்தம் வைக்கிறீர்கள் என்றால் ஒவ்வொன்றையும் அறுபது பேருக்குச் சமைக்க வேண்டியதில்லை. எல்லோரும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம்தான் எடுப்பார்கள். மூன்றையும் கூட்டினால் எழுபது பேர் சாப்பாடாக வந்தால் போதும். ஒரு விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கு பொய்க்கும். சைவப் பதார்த்தத்தை அசைவம் சாப்பிடுகிறவர்களும் எடுப்பார்கள். சைவர் பத்துப் பேர் என்று பத்துப் பேருக்கு மட்டும் செய்தால், அவர்கள் தட்டோடு வரும்போது பாத்திரம் காலியாகியிருக்கும். இரண்டு மடங்காகச் செய்யுங்கள், அல்லது ஒரு தட்டை உள்ளே எடுத்து வையுங்கள்.

வீட்டு அடுப்பில் பெரிய பாத்திரம் ஏற்றுவது இன்னொரு கண்ணி. 20 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே சாதாரண வீட்டு அடுப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அடியில் இருப்பது பிடித்துக்கொள்ளும், மேலே இருப்பது வேகாமல் நிற்கும். ஒரே அண்டாவில் போடாமல் மூன்று நடுத்தரப் பாத்திரமாகப் பிரித்தால் நேரமும் மிச்சம், ஒன்று கெட்டாலும் இரண்டு மிஞ்சும். நான்கு பேருக்கான குறிப்பை நாற்பது பேருக்குப் பெருக்கும்போது எல்லாவற்றையும் பத்தால் பெருக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் அளவுக்குத் தகுந்தாற்போல் ஆவி போகாது என்பதால் தண்ணீர் குறைவாகவே பிடிக்கும். உப்பையும் காரத்தையும் முக்கால் பங்கோடு நிறுத்தி, ருசி பார்த்து மீதியைச் சேர்க்கவும். எண்ணெயில் பொரித்துக் கொடுக்கும் எதையும் நாற்பது பேருக்கு வீட்டில் திட்டமிடாதீர்கள். நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி எண்ணெய் குடிக்கும்; கொஞ்சமாகப் போட்டால் அடுப்பை விட்டு ஒருவர் நகரவே முடியாது.

கெட்டுப்போவதைப் பற்றியும் பேச வேண்டும். சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில் இருக்கும்போதுதான் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெளியே வைத்த சாப்பாடு இரண்டு மணி நேரம் தாங்கும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் திட்டத்தில் 4 மணிக்கு ஒரு சாப்பாடு, 6.30க்கு ஒரு சாப்பாடு. முதல் சாப்பாட்டில் மிஞ்சியதை மேசையிலேயே விட்டுவைத்து இரண்டாவது கூட்டத்துக்குக் கொடுப்பது தப்பு. பிள்ளைகளுக்கான பங்கை முதலிலேயே பிரித்துச் சூடாகவோ குளிரிலோ வைத்திருக்க வேண்டும். மேசையில் பாதி காலியான தட்டில் புதிதாகக் கொட்டாமல் தட்டையே மாற்றுங்கள்.

எல்லாவற்றிலும் சோறுதான் வில்லங்கம். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி வேகும் சூட்டிலும் சாகாது. வெந்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் இருந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தியெடுக்க வைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. முந்தின இரவே சமைத்து, மூடிய பெரிய பாத்திரத்தில் அப்படியே விட்டுவைக்கும் வழக்கம் ஆபத்தாவது இதனால்தான். பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி ஆறப் பல மணி நேரம் ஆகும். முன்கூட்டிச் சமைத்தே ஆக வேண்டுமென்றால் அகலத் தட்டுகளில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜில் அத்தனை தட்டுக்கு இடம் இருக்குமா என்பதை முதலில் பாருங்கள். இடமில்லை என்றால் சோற்றை அன்றைக்கே வைப்பதுதான் வழி.

பரிமாறும் மேசையைப் பெரும்பாலும் சுவரோடு ஒட்டிப் போடுவார்கள். அப்போது ஒரு பக்கம்தான் வரிசை நிற்கும். ஆளுக்கு 30 விநாடி என்றால் நாற்பது பேர் எடுத்து முடிக்க 20 நிமிடம், கடைசி ஆளுக்கு ஆறிய சாப்பாடு. மேசையை ஒரு மீட்டர் முன்னே இழுத்து, இரண்டு பக்கமும் வரிசை விட்டு, ஒவ்வொரு பாத்திரத்திலும் இரண்டு கரண்டி போட்டால் அது பத்து நிமிடமாகிவிடும். தட்டுகள் மேசையின் தொடக்கத்தில் இருக்கட்டும். கரண்டியும் டிஷ்யூவும் கடைசியில். முதலிலேயே கொடுத்தால் அவற்றையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு தடுமாறுவார்கள். வயிறு நிரப்பும் பதார்த்தம் முதலில், குறைவாக இருக்கும் அசைவம் கடைசியில். தட்டு ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தால் கை தானாகக் கட்டுப்படும். நிலக்கடலை, பருப்பு வகைகள், பால், முட்டை சேர்ந்தவற்றுக்கு ஒரு சிறு அட்டையில் எழுதி வையுங்கள். கரண்டி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் மேசைப் பக்கமே நிற்க வேண்டும்.

குடிபானத்தைச் சாப்பாட்டு மேசையில் வைக்கவே கூடாது. அறையின் எதிர்மூலையில் வைத்தால் கூட்டம் இரண்டாகப் பிரியும். அளவுக்கு: முதல் மணி நேரத்தில் ஆளுக்கு இரண்டு டம்ளர், பிறகு மணிக்கு ஒன்று. நான்கு மணி நேரத்துக்கு ஐந்து டம்ளர், 200 மில்லி என்றால் ஒரு லிட்டர். அதில் பாதியாவது வெறும் தண்ணீராக இருக்க வேண்டும். ஆடுகிற பிள்ளைகள் தண்ணீரைத்தான் கேட்பார்கள். ஐஸ் டம்ளரில் போட ஆளுக்கு அரைக் கிலோ, பாட்டில்களைக் குளிர்விக்க அதே அளவு. இரண்டும் ஒரே தொட்டியில் இருக்கக் கூடாது. பல கை பட்ட பாட்டில் கிடந்த ஐஸை டம்ளரில் போடுவது சுத்தமில்லை. குளிர்விக்கும் தொட்டியில் ஐஸ் மட்டும் போட்டால் பாட்டில் ஆங்காங்கேதான் ஐஸில் படும். பாட்டில் கழுத்தளவு தண்ணீரும் இரண்டு கைப்பிடி உப்பும் சேர்த்தால் அரை மணிக்குள் சில்லென்று ஆகிவிடும். டம்ளர் ஆளுக்கு மூன்று வீதம் போகும், கீழே வைத்துவிட்டு எது தன்னுடையது என்று மறந்து புதிதாக எடுப்பார்கள். பக்கத்தில் ஒரு மார்க்கர் பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு பெயர் எழுதச் சொன்னால் கணிசமாகக் குறையும்.

கேக், பலூன், படங்கள்

வட்டக் கேக் படத்துக்கு அழகு, வெட்டுவதற்கு வினை. முக்கோணத் துண்டுகள் ஒரே அளவில் வராது. பத்துப் பேருக்குப் பெரிதாகக் கொடுத்துவிட்டுக் கடைசியில் சுரண்ட வேண்டியிருக்கும். 30க்கு 40 சென்டிமீட்டர் செவ்வகக் கேக்கை 5 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் சரியாக 48 துண்டு. சாப்பாட்டுக்கு இடையில் தருவதற்கு அந்த அளவு தாராளம். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டால் க்ரீம் இழுபடாது. படத்துக்கு வட்டக் கேக்தான் வேண்டும் என்று பிள்ளை சொன்னால், சின்னதாக ஒன்றை வெட்டுவதற்கு வைத்து, செவ்வகத்தைச் சமையலறையிலேயே துண்டு போட்டு எடுத்து வரலாம். வெயில் காலத்தில் வெளியே வைத்தால் வெண்ணெய் க்ரீமும் சரி, அடித்த க்ரீமும் சரி, அரை மணிகூடத் தாக்குப்பிடிக்காமல் சரியலாம். 5 மணிக்குக் கேக் என்றால் 4.50க்குத்தான் ஃப்ரிட்ஜை விட்டு அது வெளியே வர வேண்டும்.

நுரை ஸ்பிரே வாங்கவே வேண்டாம். கேக் வெட்டும்போது முகத்தில் பீய்ச்சி அடிக்கும் அந்தக் குப்பிகள் பலவற்றில் நுரையைத் தள்ளுவது எளிதில் தீப்பற்றும் வாயு. எரியும் மெழுகுவத்திக்குப் பக்கத்தில் அடித்தால் தலைமுடியோடு பற்றிக்கொள்ளும். நண்பர்கள் கொண்டு வருவார்கள். வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். பலூனிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மிதக்கும் பலூன் வாங்கினால் உள்ளே இருப்பது ஹீலியம்தானா என்று கேளுங்கள். சில இடங்களில் மலிவுக்காக ஹைட்ரஜன் அடைப்பதுண்டு. அது நெருப்புப் பொறி பட்டாலே வெடிக்கும். ஹீலியம் அடைத்த சாதாரண ரப்பர் பலூன் 12 முதல் 18 மணி நேரம்தான் மிதக்கும், முந்தின நாள் காலையில் அடைத்துவிட்டால் விருந்து நேரத்தில் தரையில் உருளும். சாதாரணக் காற்றடைத்து நூலில் கோத்துத் தொங்கவிடுவதே போதுமானது.

படச்சுவர் வைத்தால் அதன் முன்னால் எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். 10க்கு 15 சென்டிமீட்டர் பிரிண்ட், படுக்கை வாக்கில், நடுவே 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் ஒரு மீட்டர் கயிற்றில் ஐந்து படம். அறுபது படத்துக்கு 12 மீட்டர், அதாவது மூன்று மீட்டரில் நான்கு வரிசை. கயிறும் சின்ன கிளிப்பும் சுவரைக் கெடுக்காது. இரட்டைப் பக்க டேப் உரிக்கும்போது பெயிண்டையும் கொண்டு வந்துவிடும். இந்த அளவு பிரிண்ட்டுக்கு 1200க்கு 1800 பிக்சல் இருந்தால் தெளிவாக வரும். செயலியில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வந்து சேரும், ஆகவே உறவினர்களிடம் கேட்கும்போது கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அழகு வரிசை எதற்கு, வகுப்பு வரிசையாகத் தொங்கவிடுங்கள். எந்தப் படம் வேண்டாம் என்ற கடைசிச் சொல் பிள்ளையுடையது. குளிக்கும் குழந்தைப் படம் பாட்டிக்கு எவ்வளவு பிடித்தாலும்.

டிவியில் படத்தொகுப்பு ஓட விடுவதானால் நான்கு நிமிடம் எல்லை. ஒரு படத்துக்கு நான்கு விநாடி என்றால் அறுபது படம். அதற்கு மேல் போனால் கடைசி வரிசை கைப்பேசியை எடுத்துவிடும். எம்பி4 கோப்பாக, 1080 தெளிவில் எடுத்து, அதே டிவியில், அதே பென்டிரைவில் முந்தின நாள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். படம் எடுக்க ஒரு பின்னணித் துணி கட்டினால், அதை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் கட்ட வேண்டும். ஜன்னலுக்கு முன்னால் கட்டினால் எல்லா முகமும் இருட்டு.

மின்சாரம்: சூடாக்கும் சாதனங்கள் இரண்டை, அதாவது மின்அடுப்பும் கெட்டிலும் போன்றவற்றை, ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகக் கூடாது. நீளமான வயரைச் சுருட்டியபடியே பயன்படுத்தினால் சூடு வெளியேற வழியில்லாமல் உருகும். முழுக்க விரித்துப் போட்டு, நடைபாதையில் குறுக்கே வந்தால் அகல டேப்பால் தரையோடு ஒட்டிவிடுங்கள். ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் பாஸ் எனப்படும் தாழ்ந்த, அதிரும் சத்தம் தரை வழியாகவே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். சுவரும் அதைத் தடுக்காது. ஒரு மேசையில் ரப்பர் விரிப்பின் மேல் வைத்து, உங்கள் வீட்டுப் பக்கமே பார்க்கத் திருப்பி, பாஸை மட்டும் குறைத்தால் பாதித் தகராறு தீரும். பாட்டு ஓடும் போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, புளூடூத்தை மட்டும் மறுபடி இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் கேக் பாட்டின் நடுவில் யாரோ கூப்பிடுவார்கள்.

பெரியவர்கள் எங்கே நிற்க வேண்டும்

இரண்டாம் கூட்டத்தின்போது பெற்றோர் வீட்டை விட்டுப் போகக் கூடாது. பிள்ளைகளின் நடுவிலும் உட்காரக் கூடாது. சமையலறையும் வாசலும்தான் சரியான இடம். பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஐஸ் நிரப்பவோ தட்டு எடுக்கவோ உள்ளே ஒரு நடை போனால் போதும், கண்காணிப்பது போலவே தெரியாது. மது விஷயத்தில் ஒரே ஒரு விதி: இந்த வீட்டில் இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கிடையாது. பெரியவர்களுக்கு வைத்திருப்பதும் அன்றைக்குப் பூட்டின அலமாரியில் இருக்கட்டும். பைகளை ஒரே அறையில் வாங்கி வைத்தால் பாட்டில் உள்ளே வரும் வழியும் அடைபடும். வீட்டில் நாய் இருந்தால், எவ்வளவு சாதுவாக இருந்தாலும், அன்று மாலை மட்டும் வேறு வீட்டில்.

ஒவ்வொரு பிள்ளையும் எப்படித் திரும்பும், யாரோடு போகும் என்று ஒரு தாளில் எழுதி, பெற்றோர் எண்ணோடு வாசலில் வைத்திருங்கள். போகும்போது ஒரு டிக். சாதாரணத் தாள்தான், ஒன்பதரை மணிக்கு ஒரு தாய் போன் செய்து "என் பெண் கிளம்பிவிட்டாளா?" என்று கேட்கும்போது பதில் அதில்தான் இருக்கும்.

ஒன்பது மணி என்று எழுதிவிட்டால் ஒன்பதுக்கே முடிய வேண்டும். 8.40க்கு ஐஸ்க்ரீமோ பழமோ கடைசியாக ஒன்றைக் கொடுங்கள், 8.50க்குப் பாட்டைக் குறைத்து எல்லா விளக்கையும் போடுங்கள். வாயைத் திறக்காமலே புரிந்துவிடும்.

குப்பைக்கு இருபது பேருக்கு ஒரு பெரிய பை. பக்கத்தில் ஒரு வெறும் வாளியையும் வையுங்கள். டம்ளரில் மிச்சமிருக்கும் பானத்தை முதலில் அதில் ஊற்றிவிட்டால் பை கிழிந்து கூடமெல்லாம் பிசுபிசுக்காது. இதை எழுதி ஒட்டியும் பயனில்லை, முதல் ஐந்து பேர் ஊற்றுவதைப் பார்த்தால் மற்றவர்கள் பின்பற்றுவார்கள். பிள்ளையின் நெருங்கிய நண்பர்கள் இருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். மிஞ்சிய சாப்பாட்டில் மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது குப்பைக்கு; உள்ளே தனியாக வைத்திருந்ததை மட்டும் அன்றிரவே சிறு டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜில். வாடகைக்கு எடுத்த நாற்காலி பாத்திரத்தை வந்தபோது எண்ணியவரே இரவே எண்ணி ஓரமாக அடுக்கட்டும், மறுநாள் காலையில் எண்ணினால் ஒன்று எப்போதும் குறையும்.

பரிசுக் கவர்களைக் கூடத்தில் வைக்காமல் உள்ளறையில் ஒரு பெட்டியில் போடச் சொல்லி, யார் என்ன கொடுத்தார்கள் என்று ஒருவர் உடனுக்குடன் எழுதி வர வேண்டும். பெயர் எழுதாத கவர் குறைந்தது இரண்டு இருக்கும், கொடுத்த வரிசை தெரிந்தால்தான் யாருடையது என்று ஊகிக்கலாம். நன்றிக் குறிப்பைப் பிள்ளையே கையால் எழுதட்டும்: என்ன கொடுத்தார்கள், அதை எதற்குப் பயன்படுத்தப் போகிறேன் என்று இரண்டு மூன்று வரி. மொத்தமாக உட்கார்ந்தால் பத்தாவது குறிப்பிலேயே சலித்துவிடும். முப்பது வீடுகளுக்கு என்றால் நாளுக்கு ஐந்து வீதம் எழுதினால் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும்.